லேபிள் இல்லாத திராட்சை இரசம்

பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிரான்சில் பூர்கோஞ் பகுதியில் போன் என்று ஒரு நகரம் இருக்கிறது. தொலைபேசி இல்லை, ஊரின் பெயரே போன். அங்கே ஓர் ஒயின் கிடங்கில் லேபிள் சரிபார்க்கிறவள் நான். ஊர்ப் பெயர், புட்டியில் அடைத்தவரின் விலாசம், ஆல்கஹால் அளவு, கந்தகம் கலந்திருக்கிறது என்ற வரி, கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்ற படம் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் 'சரி' சொல்வேன். ஓர் எழுத்து பிசகினாலும் ஒரு லாரிச் சரக்கு திரும்பி வந்துவிடும்.

அதிலும் ஊர்ப் பெயர் விஷயத்தில் விளையாடவே முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வண்டிப்பாதைக்கு இந்தப் புறம் விளைந்த திராட்சைக்கு ஒரு பெயர், அந்தப் புறம் விளைந்ததற்கு வேறு பெயர். மண் ஒன்றுதானே, கொடியும் ஒன்றுதானே என்று புதிதாக வந்தபோது கேட்டேன். கிடங்குக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. பாதைக்கு அந்தப் புறத்துச் சரக்கை இந்தப் புறத்துப் பெயரில் விற்றால் கோர்ட், கேஸ், அபராதம்.

இப்படி இருந்தவளுக்குத்தான் திண்டிவனம் அருகே பிரம்மதேசத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அக்கா அருள்மேரி போன் செய்தாள். "ஸ்டெல்லா, எம்புள்ளைக்குச் சாமியார் பட்டம் குடுக்கறாங்கடி. மறுநாள் நம்ம ஊர்லதான் மொதல் பூச. உங்க ஊர் திராட்ச ரசம் கொண்டாந்து குடு. அமலு மொத மொத தூக்கிக் காட்டற கிண்ணத்துல நீ கொண்டாந்ததுதான் இருக்கணும்."

பூசைக்கான இரசத்துக்கும் சட்டம் உண்டு. திராட்சையிலிருந்து மட்டுமே வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். எங்கள் பங்குச் சாமியாரைக் கேட்டேன், இது தாராளமாக ஆகும் என்றார். இரண்டு புட்டிகளைச் சேலைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்தேன். சென்னை விமான நிலையத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் எனக்குத்தான் சந்தேகம் வந்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

வெளியே ஏழுமலை நின்றிருந்தான். விழுப்புரத்தை அடுத்த கெடார்க்காரன், விழுப்புரம் ஸ்டாண்டில் சொந்தக் கார் ஓட்டுகிறவன். என் அக்கா மகன் அமல்ராஜோடு விழுப்புரத்து விடுதியில் தங்கிப் படித்தவன், அதனால் அமலைப் போலவே என்னைச் சின்னம்மா என்பான். வெள்ளைக் கார், உள்ளே துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருந்தது. டிக்கிப் பூட்டு மட்டும் உடைந்து, நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"ஏசி போடட்டுமா சின்னம்மா?" என்று கேட்டான். போட்டான். கொஞ்ச தூரத்தில் அது இருமிவிட்டு நின்றது. மே மாத வெயில் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒலக்கூர் தாண்டி ரோட்டோரம் பனை ஓலைப் பந்தலில் பதனீர் விற்றார்கள். ஓலைப் பட்டையைக் குவளையாக மடித்து ஊற்றித் தந்தார் ஓர் அம்மாள். நான் குடிக்கும் முன் பழக்கதோஷத்தில் பானையைச் சுற்றிப் பார்த்தேன். "இது எந்த ஊருப் பதனீர்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

ஏழுமலை சிரித்தான். "ஊரு கெடக்குது சின்னம்மா. கலயத்துல சுண்ணாம்பு தடவிக்கிறாங்களான்னு பாருங்க. தடவி எறக்குனா பதனி. தடவலன்னா கள்ளு. கள்ளுன்னா கேசு. ஒரே மரம், ஒரே பாளை."

எங்கள் ஊர் வண்டிப்பாதை நினைவுக்கு வந்தது. அங்கே பாதை மாறினால் விலை மாறும், இங்கே சுண்ணாம்பு மாறினால் ஆளை உள்ளே தள்ளுவார்கள். பதனீர் தித்திப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் பாதியில் வைத்துவிட்டேன்.

திண்டிவனத்தில் இட்லியும் வடைகறியும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே மதுக்கடை வாசலில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்று பிரெஞ்சில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பாண்டியை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தங்குகிற இரும்பை கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் போலிருக்கிறது, முதுகில் பெரிய பை. "எல்லாரும் ஒயின் ஷாப் என்று வழி காட்டினார்கள். உள்ளே பிராந்தி இருக்கிறது, ரம் இருக்கிறது. ஒயின் எங்கே என்று கேட்டால் இதுதான் ஒயின் என்கிறான்," என்றான் ஒருவன். "பெயர்ப்பலகைக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை," என்றாள் அந்தப் பெண். எங்கள் கிடங்குக்காரர்கள் என்றால் அந்தக் கடையைக் கொளுத்தியிருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே காரில் ஏறினேன். அந்தப் பயணத்தில் நான் மனம் விட்டுச் சிரித்தது அதோடு சரி.

முதலில் பாண்டியில் புகுந்த வீட்டில் இறங்கிவிட்டுத்தான் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும், அது எங்கள் குடும்ப வழக்கம். பாண்டி எல்லையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் நீளமாக நின்றன. காக்கிச் சட்டைகள் டிக்கி டிக்கியாகத் திறந்து தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்ன ஏழுமலை?"

"செக்போஸ்ட்டு சின்னம்மா. பாண்டி சரக்கு தமிழ்நாட்டுக்குள்ள வரக் கூடாது. பாட்டில் மேலயே போட்டிருப்பான், பாண்டில மட்டும் விக்கறதுக்குன்னு. பையில ஒரு கோட்டர் இருந்தாக்கூட வண்டிய ஓரங்கட்டிருவாங்க."

"என் பெட்டியில ரெண்டு இருக்கே."

கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போனான். ஏழுமலை திரும்பி என் பெட்டியைப் பார்த்தான், அதற்குள் பாம்பு இருப்பதாக நான் சொன்ன மாதிரி.

"திண்டிவனத்துலயே சொல்லக் கூடாதா? அப்படியே பிரம்மதேசம் போய் அமலு அம்மாவாண்ட எறக்கிட்டு வந்திருக்கலாமே! பாண்டிக்குள்ள போறதுக்கு ஒண்ணும் இல்ல சின்னம்மா. பாண்டிலேர்ந்து வெளிய வர்றதுதான் பேஜாரு."

"இது பாண்டிச் சரக்கு இல்லப்பா, பிரான்சு. லேபிள்ல எல்லாம் இருக்கு."

"அத அவங்ககிட்ட நீங்க சொல்லுவீங்க. வண்டிய உள்ள வெச்சிக்கினு அவங்க கேப்பாங்க."

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏழுமலைக்கும் தெரியாது. என் ஊரில் சட்டம் தெரிந்து பயந்தேன், இங்கே தெரியாமல் பயந்தேன். தெரியாத பயம்தான் மோசம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு வேலை. அமலின் பூசை உடுப்பு தையற்காரரிடம் தயாராக இருந்தது, அதை வாங்கி வர வேண்டும். புட்டிகளை என் ஓரகத்தி ரெஜினாவின் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். விழுப்புரம் போகிற வழியிலும் எல்லையில் நிறுத்தினார்கள். டிக்கியில் ஸ்டெப்னியும் ஒரு பழைய துணியும்தான் இருந்தன. அப்படியும் ஏழுமலையின் கழுத்துப் பக்கம் சட்டை நனைந்துவிட்டது.

தையற்காரரிடம் உடுப்பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு சுற்றுச்சுவர் ஓரம் காரை மெதுவாக விட்டான். சுவருக்கு உள்ளே பறிமுதல் செய்த வண்டிகள். பைக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஆட்டோ, கார், பால் வண்டி, ஒரு நீல வேன். டயரில் காற்றில்லாமல் மண்ணில் அமிழ்ந்து, கோவைக்கொடி படர்ந்து, கண்ணாடியில் எருக்கஞ்செடி முட்டிக்கொண்டு நின்றன.

"அந்த நீல கலரு வேன் தெரியுதா? எங்க மாமா புள்ள ஓட்டுனது. கல்யாண சவாரி. ஏறுனவன் எவனோ சீட்டுக்குக் கீழ வெச்சிக்கினு வந்திருக்கான். இவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னா வுடுவாங்களா? வேன் உள்ள போய்டுச்சி. அவன் இப்ப செங்கல் சூளைக்குப் போறான்."

வேனின் முன்கண்ணாடியில் இன்னும் மாவிலைத் தோரணத்தின் நார் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி உடுப்புப் பையை மடியில் சரிசெய்துகொண்டேன்.

மதியம் கெடாரில் அவன் வீட்டில் சாப்பாடு. கேப்பைக் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. உருண்டையை விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். ஏழுமலையின் மனைவி செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். போன் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்தக் களிக்குப் பொருத்தம் ஒரு சொம்பு மோர்தான், செல்வியே கொண்டுவந்து வைத்தாள்.

கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "சின்னம்மா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து வூட்டுக்கு வந்தவரு ராத்திரி பூரா தூங்கல. இன்னான்னு கேட்டா பாட்டிலு பாட்டிலுங்கறாரு. நெலம் கொஞ்சந்தான், அதுவும் மழ பேஞ்சாத்தான். அந்த வண்டிதான் எங்களுக்கு எல்லாம். வண்டில மட்டும் வெச்சிடாதீங்க."

"வைக்க மாட்டேன்மா. ரெஜினாக்கா வீட்டுலயே இருக்கட்டும். அமலுக்குச் சாமியார் கிட்ட இருக்கிற ரசமே போதும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா முகம் கண்முன் வந்தது, வந்தாலும் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாண்டிக்குத் திரும்பினால், ரெஜினா ஏதோ சாதித்த முகத்தோடு வாசலில் நிற்கிறாள். "ஸ்டெல்லா, உன் பிரச்சனையத் தீத்துட்டேன், வா."

கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர். அதில் என் இரண்டு புட்டிகளும் மொட்டையாகக் கிடந்தன. வாளிக்குப் பக்கத்தில் தேங்காய் நார். லேபிள் கூழாகி, சாக்கடைக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்க்கை மூடியிருந்த கழுத்துப் பக்கத் தகடு கூட இல்லை, அதையும் உரித்து எறிந்திருந்தாள்.

"லேபிளு இருந்தாத்தானே பிரான்சு சரக்கு, பாண்டிச் சரக்குன்னு புடிப்பான்? இப்ப என்னான்னு சொல்லுவான்? நல்லா தேய்ச்சுட்டேன், பசை கூட இல்ல பாரு."

அங்கேயே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடங்களாக லேபிள் பார்க்கிறேன், அப்படி ஒரு புட்டியை நான் பார்த்ததே இல்லை. சிவப்பாக ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. எந்த ஊர், யார் அடைத்தது, எப்போது அடைத்தது, ஒன்றும் தெரியாது. சாராயம் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நல்லெண்ணத்தோடு தேய்த்த கையைத் திட்டவும் மனம் வரவில்லை. "இங்கேயே இருக்கட்டும்க்கா. நான் எடுத்துக்கினு போகல," என்று மட்டும் சொன்னேன். ரெஜினாவின் முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா ஊருக்குக் கிளம்பினோம். ரெஜினா பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அருள்மேரிக்கென்று தூக்கிவந்து, தானே டிக்கியில் வைத்துக் கயிற்றையும் தானே கட்டினாள். மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பூசை உடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழுமலை கூட அன்றைக்கு உற்சாகமாக இருந்தான். அமலும் அவனும் விடுதிச் சுவர் ஏறிக் குதித்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரும்பைக்குத் திரும்பும் பிரிவு தாண்டியதும் இரண்டு பக்கமும் மண் மேடு, நடுவே ஒரே வரிசையாக வண்டிகள். செக்போஸ்ட்டின் தகரக் கூரை தூரத்தில் தெரிந்தது. முன்னால் ஒரு கோழி லாரி, பின்னால் ஒரு டவுன் பஸ்.

அப்போது என் செல்போன் அடித்தது. ரெஜினா.

"எங்க போயிக்கிட்டிருக்கீங்க? கோவிச்சுக்காத ஸ்டெல்லா. அருள்மேரி ஆசையாக் கேட்டது, அது மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான். பலாப்பழத்துக்குப் பின்னால, சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். பயப்படாத, லேபிளு ஒண்ணும் இல்ல."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "இன்னா சின்னம்மா? வூட்டுல யாருக்கின்னா முடியலியா?"

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் சில நேரம் தோன்றும். ஆனால் அவன் வண்டி, அவனுக்குத் தெரியாமல் அதற்குள் ஒன்று இருக்கக் கூடாது.

அவன் கத்தவில்லை. கோழி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது, மாரியாத்தா பெயர் என்று நினைக்கிறேன். "திரும்ப முடியாது. திரும்புனா ஓடறான்னு ஜீப்புல வருவாங்க. தூக்கிப் போடவும் முடியாது, பஸ்ஸுல அத்தினி பேரும் பாத்துக்கினு இருக்காங்க," என்றான். வரிசை நகர்ந்தது. அவன் கிளட்சை விட்டதில் வண்டி இரண்டு முறை அணைந்தது. எனக்கு அந்த நீல வேனும் அதில் தொங்கிய தோரண நாரும்தான் கண்ணில் நின்றன.

எங்கள் முறை வந்தது. ஏட்டு ஒருவர் கயிற்றை அவிழ்த்தார். பலாப்பழத்தை நகர்த்தினார். சாக்கைப் பிரித்தார். "சார்!" என்று ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நடுத்தர வயது, தூக்கமில்லாத கண். இரண்டு புட்டிகளையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

திராட்சை இரசம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கோயிலில் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். ஆனால் பயத்தில் வாயில் வந்தது, "ஒயின் சார்."

"எந்த ஒயின்ஸ்ல வாங்குனீங்க?"

"பிரான்ஸ்..."

"பிரான்ஸ் ஒயின்ஸா?" என்றார் ஏட்டு. "அது எங்க சார் கீது, பீச் ரோட்லயா? புதுசாத் தொறந்திருக்கானா?"

"கடை இல்லைங்க. பிரான்ஸ் நாடு. போன்ல..."

"போன் அப்பறம் பண்ணலாம் மேடம். மொதல்ல ஊரச் சொல்லுங்க."

"ஊரே போன்தான் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஏழுமலையிடம் திரும்பி, "நீ வாய ஊதுடா," என்றார். ஏழுமலை ஊதினான். காலையில் குடித்த காபியைத் தவிர வேறென்ன வரும்?

"லேபிள் எங்க?"

"கழுவிட்டாங்க சார். என் ஓரகத்தி."

"ஏன்?"

"நீங்க புடிக்கக் கூடாதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஏட்டு புட்டியைக் காரின் பானட் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. "லேபிள் இருந்தா இன்ன கம்பெனி, இன்ன எடத்துச் சரக்குன்னு நான் எழுதிடுவேன். ஒண்ணுமே இல்லன்னா என்னன்னு எழுதறது? உள்ள ஸ்பிரிட் கலந்திருக்கா, வெஷம் கலந்திருக்கா, யாருக்குத் தெரியும்? நான் வுட்டுட்டு, இதக் குடிச்சு நாலு பேரு செத்தா? இந்தப் பக்கத்துல சாராயச் சாவு பாத்திருக்கேன். கண்ணு தெரியலன்னு தடவிக்கினே வருவாங்க ஆஸ்பத்திரிக்கு."

அவருக்கும் பயம்தான். அது தெரிந்ததும் என் பயம் இன்னும் கூடியது. கோபக்காரரிடம் கெஞ்சலாம், பயந்தவரிடம் என்ன செய்ய முடியும்?

"சரி. இது யாருது?"

வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் பஸ்ஸில் யாரோ "ஜல்தியா வுடுங்கப்பா" என்று கத்தினார்கள். என்னுடையது என்றால் என்ன ஆகும்? கேஸா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்களா, நாளைக்குப் பட்டம் கொடுக்கிற நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? ஏழுமலை என்னைப் பார்க்கவே இல்லை. காரின் கதவு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"என்னுது சார். ரெண்டும் என்னுது. இவருக்கு ஒண்ணும் தெரியாது. என் அக்கா மகன் சாமியாராகிறான். பூசைக்கு வெக்கிற திராட்ச ரசம் சார் இது."

"ரசமா?" என்று ஏட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"எப்படி நம்பறது மேடம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "சார், உள்ள இருக்கிற கார்க்குல ஊர்ப் பேரு அச்சடிச்சிருக்கும். தொறந்து பாருங்க."

திறப்பதற்கு எதுவும் இல்லை. ஏழுமலைதான் தன் டூல்ஸ் பையிலிருந்து நீள ஸ்க்ரூ ஒன்றை எடுத்து கார்க்கில் முறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்தான். குறடு இரண்டு தரம் வழுக்கியது. டப்பென்று வந்தது. அந்த மணம், எங்கள் கிடங்கின் மணம், பாண்டி ரோட்டில் டீசல் புகைக்கு நடுவே ஒரு நொடி எழுந்து அடங்கியது.

கார்க்கில் ஊதா எழுத்தில் ஊர்ப் பெயரும் வருடமும் இருந்தன. என் பாஸ்போர்ட்டை வாங்கி, அதில் என் விலாசம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கார்க்கை எழுத்தின் மேல் வைத்து உருட்டி உருட்டி ஒப்பிட்டார் சப்-இன்ஸ்பெக்டர். பி... ஈ... ஏ... யூ... போன் என்பதைப் பிரெஞ்சில் அப்படித்தான் எழுதுவார்கள். என் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார், என்னைவிட நிதானமாகச் செய்தார்.

"ரெண்டுலயும் ஒரே ஊருதான் போட்டிருக்கு," என்றார் கடைசியில். பிறகு பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தைப் புரட்டினார். "பொறந்தது திண்டிவனமா? திண்டிவனத்துல எங்க?"

"பிரம்மதேசம் பக்கம் சார்."

"அப்ப நீங்க எந்த ஊரு மேடம்?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டும்தான் என்று சொல்லியிருப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னொண்ணையும் தொறங்க. அதுலயும் இதே பேருதான்னு நான் எப்படி நம்பறது?"

ஏழுமலை இரண்டாவதையும் திறந்தான். அதே எழுத்து, அதே வருடம். சப்-இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

"சரி மேடம், உங்க ஊருச் சரக்குதான். ஒத்துக்கறேன். ஆனா தொறந்த பாட்டிலோட வண்டிய அனுப்ப முடியாது. கீழ ஊத்திட்டுப் போங்க."

நானே ஊற்றினேன். ரோடு போடத் தோண்டிய செம்மண் மேட்டில் ஊற்றினேன். ஊற்றிய இடமே தெரியாமல் மண் அதைக் குடித்துவிட்டது. அது நல்ல வருடத்துத் திராட்சை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஒரு துளிகூட வருத்தமில்லை. சீக்கிரம் காலியாக வேண்டுமே, அவர் மனம் மாறிவிடப் போகிறதே என்று புட்டியை உலுக்கினேன். ஏட்டு காலிப் புட்டிகளை ஓரமாக வைத்துக்கொண்டார். கயிற்றை அவரே கட்டிவிட்டார், அவிழ்ந்துவிடாமல் இருக்க இரண்டு முடிச்சு.

கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தடியில் ஏழுமலை காரை நிறுத்தினான். இறங்கிப் போய் வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, டயருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சின்னம்மா, நீங்க திரும்பிப் போறப்ப வேற வண்டி சொல்லி வுடறேன். எங்க ஸ்டாண்டுப் பையன்தான், நல்லா ஓட்டுவான். உங்க மேல கோவமில்ல. உங்கள ஏத்தறதுக்குப் பயமாக்கிது."

"சரிப்பா," என்றேன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் பிரம்மதேசம் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அருள்மேரி அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய வுட்டாங்களா?" விட்டார்கள் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டு, பலாப்பழத்தை அறுக்க எண்ணெய் எடுக்கப் போனாள்.

பட்டம் கொடுக்கிற சடங்கு நல்லபடியாக நடந்தது. மறுநாள் முதல் பூசைக்கு ஊரே கூடியது. பூசைப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் சாமியாரின் அலமாரியிலிருந்து எடுத்த இரசப் புட்டியில் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. எங்கள் கிடங்கில் அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்து, 'பூசைக்கு மட்டும்' என்ற வரியைக் கண்ட பிறகுதான் என் கை அதை விட்டது. அமல் கிண்ணத்தை உயர்த்தியபோது மணி அடித்தார்கள். அருள்மேரி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூசைக்கு ஏழுமலை வரவில்லை. அமலின் கண் இரண்டு தரம் கோயில் வாசல் வரை போய்த் திரும்பியதை நான் கவனித்தேன்.

நான் கிளம்புகிற நாள் வந்தது. ஸ்டாண்டுப் பையன் வேறு ஒரு காரோடு வந்து நின்றான். பெட்டியை ஏற்றும் முன், தயங்கித் தயங்கிக் கேட்டான். "எதனா... பாட்டிலு மாதிரி... இருக்குதுங்களா?" நானே பெட்டியை ரோட்டில் வைத்துத் திறந்து, சேலை சேலையாகத் தூக்கிக் காட்டினேன். அருள்மேரிக்கு அது பிடிக்கவில்லை.

பூட்டும் நேரத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. ஏழுமலை இறங்கி ஓடிவந்தான், கையில் ஒரு துணிப்பை. விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது.

"செல்வி குடுத்தனுப்புனா சின்னம்மா. நம்ம கொல்லையில வெளஞ்சது. ஏர்போர்ட்டுல எவனாச்சும் நிறுத்திக் கேட்டா நீங்க ஒண்ணும் பேச வாணாம். இதக் காட்டுங்க, போதும்."

பையின் வாயைத் தைத்திருந்தார்கள், தொட்டால் உள்ளே வேர்க்கடலை நெருடியது. அதன் மேல் வெள்ளைத் தாள் ஒன்று நான்கு மூலையிலும் பசை தடவி, கோணாமல் ஒட்டியிருந்தது. செல்வியின் கையெழுத்தாக இருக்க வேண்டும், குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். பழக்கம் விடவில்லை, எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

மல்லாட்டை. ஊர் கெடார். ஏழுமலை வீடு. உள்ளே வேற ஒண்ணும் இல்லை.